நைட் ஷிஃப்ட் வாரத்தில் வெயிட் தூக்குவது எப்படி? தண்டையார்பேட்டை தம்பிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்ட தம்பிக்கு 26 வயது. தண்டையார்பேட்டையில் வீடு. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். உடல் எடை 68 கிலோ. ஸ்குவாட்டில், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில், 90 கிலோ வரை போயிருந்தவர் நான்கு மாதமாக 75-லேயே தடுமாறுகிறார். நைட் முடிந்ததும் பைக்கை நேரே ஜிம்முக்கு விடுகிறார். ஏழிலிருந்து எட்டரை வரை வெயிட். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, படுக்கப் பத்தாகிவிடுகிறது. ஒன்றரை, இரண்டுக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. ஜிம் மாஸ்டர் ஒரு நாள்கூட விடக்கூடாது என்கிறார். கூட வேலை செய்கிற அண்ணன்களோ தூங்காமல் வெயிட் தூக்கினால் நெஞ்சு அடைத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நைட் வாரத்தில் ஷிஃப்டுக்கு முன்னால் போவதா, பின்னால் போவதா, இல்லை அந்த வாரத்தை அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

தம்பி, முன்னால் போங்கள். காலையில் நேரே வீட்டுக்குப் போய்ப் படுங்கள், தூங்கி எழுந்து, சாயங்காலம் வெயிட் தூக்குங்கள். அதுவும் அந்த வாரத்தில் இரண்டே நாள், நாற்பது நிமிடம். உங்கள் ஸ்குவாட் நின்றுபோனதற்குக் காரணம் உழைப்பு குறைவு இல்லை. நைட் வாரத்தில் நாளுக்கு நாலு மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். அதைச் சரிசெய்யாமல் செட்டை (நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்று) கூட்டினாலும் குறைத்தாலும், டப்பாவில் விற்கிற புரத மாவை மாற்றினாலும், ஒன்றும் நடக்காது.

நான் மணலியில் 14 வருடம் ஷிஃப்ட் பார்த்தவன். அத்தனை வருடமும் வெயிட் தூக்கினேன். இப்போது சாயங்காலங்களில் எங்கள் தெரு ஜிம்மில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் செய்வதைத்தான் நானும் முதல் மூன்று வருடம் செய்தேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன்.

மூன்றாவது நைட் முடிந்த காலை. ஆறே முக்காலுக்கு ஜிம்மில் இருந்தேன். பாரில் பிளேட்டுகளை ஏற்றினேன், வலது பக்கம் பிளேட் நழுவாமல் பிடிக்கிற லாக் போட்டேன், தண்ணீர் குடித்தேன், உள்ளே நுழைந்து பாரைத் தோளில் எடுத்தேன். இடது பக்கம் லாக் போடவில்லை. போட்டதாகத்தான் மனசில் இருந்தது. இரண்டாவது ரெப்பில், அதாவது இரண்டாவது முறை உட்கார்ந்து எழும்போது, உடம்பு கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தது. முதலில் பத்து கிலோ பிளேட் ஒன்று வழுக்கி விழுந்தது, அடுத்த நொடியே பின்னால் இருந்ததும் போனது. ஒரு பக்கம் காலியானதும் மறுபக்கம் அப்படியே கீழே இழுக்க, பார் என் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு சுழன்று தரையில் அடித்தது. பக்கத்து பெஞ்சில் படுத்திருந்த பையன் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அவன் இழுத்திருக்காவிட்டால் பாதம் நசுங்கியிருக்கும். அந்தப் பிளேட் விழுந்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அன்றைக்கு என் காலில் பலம் இருந்தது. முதல் ரெப் நன்றாகவே எழுந்தது. போனது பலம் இல்லை, கவனம். தூக்கம் கெட்டால் முதலில் போவது அதுதான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவர் கவனத்திலும் கை வேகத்திலும் கொஞ்சம் குடித்தவரைப் போல ஆகிவிடுகிறார் என்று சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் மதியம் இரண்டுக்கு விழித்து, மறுநாள் காலை ஏழுக்கு பாருக்கு அடியில் நிற்கும்போது சரியாக 17 மணி நேரம் ஆகியிருக்கிறது. அப்புறம் அதே நிலையில் பைக் ஓட்டி வீட்டுக்கு வருகிறீர்கள், சுற்றிலும் டிரெய்லர் வண்டிகள். நான் ஒரு முறை கொருக்குப்பேட்டை கேட்டில், கேட் போட்டிருக்கும்போது, பைக்கில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். பின்னால் ஹாரன் அடித்து எழுப்பினார்கள். கேட் போட்டிருந்ததால் நின்றிருந்தேன், அது என் நல்ல நேரம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தூக்கம் வந்திருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு உடம்பின் சூடு மிகக் குறைவாக இருக்கும், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் அதிகமாக இருக்கும். தசை நன்றாக வேலை செய்வதும் அந்தச் சாயங்கால நேரத்தில்தான். நைட் ஷிஃப்டுக்குப் போனோம் என்பதற்காக இது ஒரே நாளில் தலைகீழாக மாறிவிடாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் நகர்த்த எட்டு நாள் வேண்டும், உங்கள் நைட்டோ ஆறு நாளில் முடிந்துவிடுகிறது. ஆகவே வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறவருக்கு "உடம்பு பழகிவிடும்" என்பது நடக்காத காரியம். பழகாது. பழகாது என்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ற மாதிரி வேலையை வைத்துக்கொள்வதுதான் வழி.

இனி தூக்கம். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் பகலில் தூங்குவது ஒரு பெரிய வேலை.

என் அப்பா பின்னி மில்லில் இருந்தார். மில் 1996-இல் மூடும்வரை நைட் பார்த்தார். எங்களுக்கு ஒரே அறை, மேலே சிமென்ட் ஷீட். அப்பா காலையில் வந்து படுத்ததும் அம்மா கோணிப்பையை நனைத்து ஷீட்டின் மேல் விரிப்பார். ஜன்னலில் ஒரு பழைய கருப்புப் போர்வை தொங்கும். அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் லாரி வந்தால், விளையாடுகிற பிள்ளைகள் கத்தினால், சீட்டுப் பணம் கேட்டு யாராவது வந்தால், "உள்ள நைட்டு பாத்துட்டு வந்து தூங்குறாருப்பா" என்று ஒரே வார்த்தை. தெருவே அதற்குக் கட்டுப்பட்டது, ஏனென்றால் எல்லா வீட்டிலும் ஒரு மில்காரர் இருந்தார். இன்றைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஷிஃப்ட் பார்க்கிறவர் மட்டும் அப்படியே இருக்கிறார். ஆகவே உங்கள் வீட்டில் முதலில் பேசுங்கள் தம்பி. பகலில் படுப்பதைச் சோம்பேறித்தனமாகப் பார்க்கிற வீடு இன்னும் நிறைய இருக்கிறது. அம்மாவிடம், "காலை ஏழரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை எனக்கு ராத்திரி, கேஸ் சிலிண்டர் வந்தாலும் எழுப்பாதே" என்று உட்கார்ந்து சொல்லுங்கள். கோபத்தில் கத்திச் சொன்னால் அந்த ஒரு நாள் மட்டும் நடக்கும்.

அறை இருட்டாக இருக்க வேண்டும். கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக அடித்துவிடுங்கள், அலுமினியத் தாள் ஒட்டினாலும் சரி. கண்ணுக்கு ஒரு பட்டை கட்டிக்கொள்வது இன்னும் சுலபம். காதுக்கு, யார்டிலேயே சத்தத்துக்காகக் கொடுக்கிற ஸ்பாஞ்ச் அடைப்பான் போதும். அதை உருட்டி மெல்லிதாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரிகிறவரை விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா வாயிலில் சொருகினால் பாதிச் சத்தம் உள்ளே வந்துவிடும். ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றி ஸ்பீக்கர் கட்டும்போது இதுவும் போதாது. அந்த வாரங்களில் நைட் வந்தால் நான் கொடுங்கையூரில் என் தங்கை வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆறு மணி நேரத் தூக்கம் கிடைக்கிற இடம் எதுவோ அதுதான் அந்த வாரத்துக்கு வீடு.

வெயில் அடுத்த தொல்லை. மே மாதம் மாடிமேல் ஷீட் போட்ட அறையில் பதினோரு மணிக்கு மேல் யாராலும் தூங்க முடியாது. கீழ்த் தளத்தில் இடம் இருந்தால் அங்கே படுங்கள். இல்லையென்றால் படுக்கும் முன் குளித்து, ஈரத் துண்டை மேலே போட்டு, மின்விசிறிக் காற்று அதன் மேல் படுகிற மாதிரி படுங்கள். உடம்பின் சூடு இறங்கினால்தான் தூக்கம் ஆழமாகும். காலையில் வெயிட் தூக்கிவிட்டுப் படுப்பதில் இருக்கிற இன்னொரு கெடுதல் இதுதான். உடம்பு சூடேறி, நெஞ்சு படபடத்து, அந்த நிலையிலேயே பாயில் விழுகிறீர்கள். பத்து மணிக்குப் படுத்தால் கடிகாரம் விழிக்கிற பக்கம் நன்றாகவே ஏறியிருக்கும். அதனால்தான் ஒன்றரைக்கே கண் திறந்துகொள்கிறது.

ஏழரைக்குப் படுத்து ஒன்றரை வரை ஆறு மணி நேரம். போதாது. ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன், ஆறரையிலிருந்து எட்டு வரை இன்னொரு குட்டித் தூக்கம் போடுங்கள். ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்தச் சாயங்காலத் தூக்கத்தை நிறையப் பேர் மதிப்பதில்லை, ஆனால் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை ஃபோர்க்லிஃப்டில் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். இடைவேளையில் ஒரு இருபது நிமிடம் கண்ணயரக் கம்பெனி அனுமதித்தால் அதையும் விடாதீர்கள். எழுந்தவுடன் வண்டியில் ஏறாமல் கால்மணி நேரம் நடந்து, முகம் கழுவி, அப்புறம் ஏறுங்கள்.

டீ. யார்டு வாசல் டீக்கடை ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் என்று தெரியும். குடித்த டீயில் இருக்கிற காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நாலரைக்குக் குடிக்கிற டீ, ஏழரைக்குப் படுக்கும்போது உங்களோடு படுக்கிறது. இரண்டு மணியோடு நிறுத்துங்கள். ஜிம்மில் விற்கிற, பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கிற ப்ரீ வொர்க்அவுட் பொடியில் ஒரு கரண்டியில் 200 மில்லிகிராம் காஃபின் இருப்பது சாதாரணம், அது மூன்று நான்கு டீக்குச் சமம். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். நைட் வாரத்தில் அது வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று காலையில் ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதில் கண் சீக்கிரம் மூடும், ஆனால் இரண்டாவது பாதித் தூக்கம் முழுக்கக் கெட்டுவிடும். தூக்கத்துக்கும் பலத்துக்கும் ஆசைப்படுகிறவர் அதைத் தொடக்கூடாது. தூக்க மாத்திரையும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

வெயிட் விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு நாள்கூட விடக்கூடாது" என்று உங்கள் மாஸ்டர் சொல்வது நல்ல மனசோடுதான் என்று நம்புகிறேன். ஆனால் சேர்த்த பலம் அவ்வளவு சுலபமாகக் கரையாது. 2011-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. பதினாறு வாரம் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களில் சிலருக்கு, அதன் பிறகு 32 வாரத்துக்குப் பயிற்சியை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். வாரத்துக்கு ஒரே நாள், ஒவ்வொன்றிலும் ஒரே செட். எடையை மட்டும் குறைக்கவில்லை. இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்காரர்களுக்குத் தசையும் குறையவில்லை, பலமும் குறையவில்லை. அறுபது தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, தசை கொஞ்சம் குறைந்தது. உங்களுக்கு 26. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வருகிற நைட் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தூக்கினால் எதுவும் கைவிட்டுப் போகாது.

மறுபக்கம் பாருங்கள். ஒரே ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களின் தசை புதிதாகப் புரதத்தைக் கட்டுகிற வேகம் 18 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் ஆஸ்திரேலியாவில் அளந்து எழுதினார்கள். உணவைக் குறைத்து எடையை இறக்குகிறவர்களை வைத்து 2010-இல் ஒரு சோதனை நடந்தது. இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கை, இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இறங்கிய எடை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்த இரண்டு வாரத்தில் இறங்கியதில் கொழுப்பு குறைவு, தசை அதிகம். அதாவது தம்பி, நீங்கள் ஜிம்மில் கட்டுகிற சுவரை வீட்டில் தூக்கத்தைக் கெடுத்து இடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நைட் வாரத்தில் முதல் நைட் அன்றைக்கும் கடைசி நைட் முடிந்த அன்றைக்கும் கனமாக எதுவும் வேண்டாம். இடையில் செவ்வாயும் வெள்ளியும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக்கு எழுந்து, சாப்பிட்டு, நாலு மணிக்கு ஜிம் திறந்ததும் உள்ளே போய், நாலே முக்காலுக்கு வெளியே வந்துவிடுங்கள். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து எடை தூக்கவே கூடாது. படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கிற வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் அதிகம். நீங்கள் எட்டு மணி நேரம் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து, பின்னால் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி, அதிர்வில் முதுகு இறுகிப்போய் வருகிறவர். குனிந்து பாரைத் தரையிலிருந்து தூக்குகிற டெட்லிஃப்டை நைட் வாரத்தில் விட்டுவிட்டு, பெஞ்சில் நெஞ்சை அண்டக் கொடுத்து டம்பெல் இழுப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் அன்று ஸ்குவாட், பெஞ்ச் (படுத்தபடி பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டம்பெல் இழுப்பு. வெள்ளி அன்று ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குவது, புல் அப். ஒவ்வொன்றிலும் சூடேற்றிய பிறகு இரண்டே செட், ஐந்து ரெப். எடையைக் குறைக்காதீர்கள், செட்டைக் குறையுங்கள். உங்கள் இன்றைய கணக்குக்கு ஸ்குவாட் 70 கிலோ. ஐந்தாவது ரெப் முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று எழும்பும் என்று தோன்ற வேண்டும், அங்கேயே பாரை வைத்துவிடுங்கள். பகலில் நாலு மணி நேரம்கூடத் தூங்காத நாள் என்றால் பாரைத் தொடாதீர்கள். அன்றைக்குத் தண்டால் நான்கு செட், பஸ்கி நான்கு செட், வீட்டு மொட்டை மாடியிலேயே முடித்துவிட்டுக் குட்டித் தூக்கத்துக்குப் போங்கள். நம் தாத்தாக்கள் அதை வைத்துத்தான் உடம்பு வளர்த்தார்கள்.

மதியம் 2 முதல் இரவு 10 வரை ஷிஃப்ட் இருக்கிற வாரம்தான் உங்களுக்குப் பொற்காலம், அதை நீங்கள் வீணடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதினொன்றரைக்குப் படுத்து ஏழரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் முழுசாக ராத்திரித் தூக்கம். காலை ஒன்பதுக்கு ஜிம். ஏறவேண்டிய எடையை எல்லாம் அந்த வாரத்தில் ஏற்றுங்கள். நான்கு நாள், ஸ்குவாட்டில் நான்கு செட், டெட்லிஃப்டும் அப்போதுதான். காலை 6 ஷிஃப்ட் வாரத்தில் நாலரைக்கே எழவேண்டி இருப்பதால் ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று நாள் போதும். உங்கள் ஷிஃப்ட் எந்தத் திசையில் சுற்றுகிறது என்றும் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்புக்குக் கொஞ்சம் சுலபம், ஏனென்றால் நம் கடிகாரத்துக்கு நேரத்தைத் தள்ளிப்போடுவதுதான் எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுற்றினால், சூப்பர்வைசரிடம் நாலு பேர் சேர்ந்து பேசிப் பாருங்கள். எங்கள் பிளான்ட்டில் அப்படிக் கேட்டு மாற்றினோம், யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

நைட் முடிகிற ஞாயிறு பற்றி ஒரு வார்த்தை. வார விடுமுறை என்று பெயர்தான், காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அங்கிருந்துதான் அது ஆரம்பிக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டமே நள்ளிரவு தாண்டுகிற ஷிஃப்டுக்கு விடுமுறையை அப்படித்தான் கணக்கிட்டது, ஷிஃப்ட் முடிந்ததிலிருந்து 24 மணி நேரம். அன்றைக்கு ஏழரைக்குப் படுத்து பதினொன்றுக்கே அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். சாயங்காலம் வெளிச்சத்தில் கொஞ்சம் நடந்து, இரவு பத்துக்குப் படுத்தால் அடுத்த வாரம் சரியாக ஓடும். பகல் முழுக்கத் தூங்கிவிட்டால் அன்று ராத்திரி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம், உங்களுக்கு நாளைக்குச் சுமார் 110 கிராம். காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது டப்பா மாவுக்கு மூவாயிரம் நாலாயிரம் எதற்கு? காலையில் நேரத்தோடு போனால் கவலை மீனும் கானாங்கெளுத்தியும் மலிவாகக் கிடைக்கும், நூறு கிராம் மீனில் சுமார் இருபது கிராம் புரதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும், அப்போது முட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள், ஒன்றில் ஆறு கிராம். எட்டரைக்கு வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மூன்று அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும். அந்த நேரத்தில் சர்க்கரையைக் கையாள்வதில் உடம்பு மந்தமாக இருக்கும், பரோட்டா சால்னாவை அந்த நேரத்துக்கு வைக்காதீர்கள். காலையில் மூன்று இட்லி, அவ்வளவுதான். பசியோடும் படுக்கக்கூடாது, வயிறு முட்டவும் படுக்கக்கூடாது. கோடையில் நாலு மணி ஜிம் அடுப்பு மாதிரி இருக்கும், உப்பு போட்ட மோர் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போங்கள்.

நெஞ்சு அடைக்கும் என்று அண்ணன்கள் சொன்னதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். நல்ல உடம்போடு இருக்கிற 26 வயதுக்காரர் ஒரு வாரம் தூக்கம் குறைந்து 70 கிலோ தூக்கியதால் இதயம் நின்றுவிடாது. ஆனால் வருடக்கணக்காக நைட் பார்க்கிறவர்களுக்கு இதய நோயும் சர்க்கரையும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, அதுவும் உண்மை. வெயிட் தூக்குவது அந்த இரண்டுக்கும் எதிராக நமக்கு இருக்கிற நல்ல ஆயுதம், அதனால்தான் விடாதீர்கள் என்கிறேன். அப்பா, சித்தப்பா யாருக்காவது சின்ன வயதில் இதயப் பிரச்சினை இருந்திருந்தால், தூக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால், அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். குறட்டை பலமாக இருந்து, எழும்போது தலைவலி, எவ்வளவு தூங்கினாலும் அசதி என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான், ஒரு நாள் காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டிவிடுங்கள்.

எங்கள் ஜிம்முக்கு ஒரு நர்ஸ் அம்மா வருகிறார். நைட் டூட்டி முடித்து வந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, அப்புறம்தான் படுக்கிறார். அவருக்கு நான் சொன்ன முதல் பயிற்சி, வீட்டுக்காரரிடம் காலைச் சமையலை ஒப்படைப்பது. பாரைத் தொட்டது மூன்று வாரம் கழித்துத்தான். இதைப் படிக்கிற ஆண்கள், வீட்டில் நைட் பார்க்கிற பெண் இருந்தால், இருட்டு அறையும் ஆறு மணி நேரமும் அவருக்கும் வேண்டும் என்பதை யோசியுங்கள்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன். வலது பக்கம் என்ன தூக்கினேன், கையில் எத்தனை ரெப் மிச்சம். ஆறு வாரம், அதாவது உங்கள் சுற்று இரண்டு முறை வருகிறவரை எழுதுங்கள். 75-ஐ இப்போதைக்குத் தாண்டப் பார்க்காதீர்கள், மதிய ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் இரண்டரை கிலோ ஏற்றிப் பாருங்கள். ஆறு வாரம் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், அடுத்து எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். உட்காரும் முன் லாக் இரண்டு பக்கமும் போட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.